நான் பிடுங்கி நட்ட ஒன்பதாம் கல்

அம்மா கரண்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

சாம்பார்க் கரண்டி. ஈஜிபுரா வீட்டிலிருந்து கிளம்பும்போதே இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருக்கிறாள்; எனக்குத் தெரியாது. ஒன்பது என்று எண் போட்ட கிலோமீட்டர் கல்லுக்குப் பின்னால், எண்பதை நெருங்கும் ஒரு கிழவி குந்திக்கொண்டு தரையைச் சுரண்டினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசாத குறையாகப் போனது. புழுதி அடங்கும் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டவள், மறுபடியும் தோண்ட ஆரம்பித்தாள்.

பொங்கல் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காலைக் குளிர் இன்னும் மண்ணில் இருந்தது. செம்மண், கெட்டியாக, சின்னச் சின்னக் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஒவ்வொரு கட்டியையும் உள்ளங்கையில் வைத்து நசுக்கி, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குவாளியில் போட்டாள்.

“ஏன்டா பேய் அறைஞ்சவனாட்டம் நிக்கிற? வாளிய நல்லா சாச்சிப் புடி.”

பிடித்தேன்.  உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தன் மகளின் மண் என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவள் மகள் இல்லை.

அது எனக்குத் தெரியும். ஏனென்றால், அந்தக் கல்லை அங்கே கொண்டுவந்து நட்டவனே நான்தான்.

தார் போடுகிற ஜனங்கள்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் குடும்பம் பழக்கம்தான். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: என் அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூர் பக்கம் ரோடு போட வந்தவர்கள். அப்பா மேஸ்திரி, அம்மா சல்லி சுமப்பவள். நான் பிற்பாடு அதே ரோடுகளில் அரசாங்க ஒர்க் இன்ஸ்பெக்டராகி, சில வருஷங்களுக்கு முன் ஓய்வு பெற்றவன்.

தார் கேங்குக்கு ஊர் கிடையாது. ரோடு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் கூடாரமும் போகும். இன்றைக்கு ஒரு புளிய மரத்தடி, பத்து நாள் கழித்து அடுத்த ஏரிக்கரை. தார் டிரம்மின் அடியில் எரியும் விறகுப் புகையில்தான் எங்களுக்குச் சோறும் வெந்தது.

அப்படி ஒரு கூடாரத்தில் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். எனக்கு அப்போது நாலு வயசு இருக்கும். நாற்பது நாள் இருந்தாள். ஜுரம் வந்தது. தாலுகா ஊரில்தான் டாக்டர். சல்லி இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் ஏற்றலாம் என்று காத்திருந்தார்கள். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நாளைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். பால் என்று புரிய எனக்கு ஒரு கல்யாணமும் ஒரு குழந்தையும் ஆக வேண்டியிருந்தது.

எங்கே புதைப்பது? சொந்த நிலமா, சொந்தச் சுடுகாடா? ரோட்டோரம்தான். அப்பா ரொம்ப யோசித்துத்தான் இடம் தேர்ந்தெடுத்தாராம். இதை அம்மா சொல்லி இப்போதுதான் எனக்குத் தெரியும். அந்த வாரம் புதிதாக நட்ட கிலோமீட்டர் கல்லுக்குப் பின்னால் குழி வெட்டினார்.

“கூடாரம் நகந்துடும். மரத்த வெட்டிடுவான். கல்லு எங்கயும் போவாது, அஞ்சலை. எப்ப வந்தாலும் ஒம்போதாம் கல்லுன்னு கேட்டா குருடன் கூட காட்டுவான்” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கல்லை வண்டியிலிருந்து இறக்கியபோது அப்பா கை தவறி ஒரு மூலை உடைந்திருந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், அடையாளம் தப்பாது என்றாராம்.

வேறு தொழில்காரராக இருந்தால் இப்படி நினைத்திருப்பாரா? ஒரு விவசாயி கிணற்றையோ பாறையையோ அடையாளம் வைத்திருப்பான். கல் நடுகிறவனுக்குக் கல் மேல் நம்பிக்கை. அதுவே எங்களுக்கு வினையாக முடிந்தது.

அந்த ரோட்டின் ஜாதகம்

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு கிளை ரோடு பிரிகிறது. நம்பர் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் திடமாக இருக்கிறார்கள், போன் போட்டுத் திட்டுவார்கள். மாநில நெடுஞ்சாலை என்று பெயர். பெயரைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதன் கடைசி ஊரைப் பார்த்துவிடலாம். அவ்வளவுதான் நீளம்.

போன வாரம் ரோடு ரோலரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு வாசகர், “ரோட்டுக்கு எல்லாம் சரித்திரம் உண்டா சார்?” என்று கேட்டிருந்தார். ஏன் இல்லை? ராஜாவுக்கு இருந்தால் ரோட்டுக்கும் இருக்கும்.

முதலில் அது சந்தைக்குப் போகும் மாட்டுவண்டித் தடம். பிறகு ஏதோ ஒரு பஞ்ச காலத்தில், ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக மண் கொட்டி அகலப்படுத்தினார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். காகிதத்தில் நான் பார்த்ததில்லை. அப்புறம் சல்லி. அப்புறம் எங்கள் அப்பா அம்மா காலத்தில் தார்.

இந்த ரோட்டுக்கு நடுவழியில் ஒரு வளைவு இருந்தது. நேராகப் போக வேண்டியது, திடீரென்று இடது பக்கம் ஒதுங்கி, ஒரு மாந்தோப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்து சேரும். தோப்புக்காரர் ஒரு மரத்தைக்கூட வெட்ட விடமாட்டேன் என்று குறுக்கே படுத்துக்கொண்டாராம். சர்வே போட்ட அதிகாரி வெறுத்துப் போய், சரி, சுற்றிக்கொண்டே போய்த் தொலையட்டும் என்று கோடு கிழித்துவிட்டார். இரண்டு தலைமுறை பஸ் டிரைவர்கள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்தார்கள்.

எங்கள் துறையில் கல்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. எல்லாக் கல்லும் ஒரு சைபரிலிருந்து எண்ணப்படும். இந்த ரோட்டுக்குச் சைபர், தாலுகா ஊரின் டிராவலர்ஸ் பங்களா வாசல். அங்கிருந்து அளந்துதான் அப்பா ஒன்றிலிருந்து கடைசிக் கல் வரை நட்டார். ஒன்பதாம் கல் அந்த வளைவின் நடுவில் விழுந்தது.

இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கும் டிரான்ஸ்பர்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மீசை சரியாக முளைக்காத மிடுக்கு. ஒரு நாள் உத்தரவு வந்தது. நம்முடைய ரோடு மாவட்டச் சாலையிலிருந்து மாநில நெடுஞ்சாலையாக உயர்ந்துவிட்டது. இனி அதன் ஆரம்பம் பங்களா வாசல் அல்ல, பெரிய ரோட்டில் பிரியும் கூட்டு. கூட்டுக்கும் பங்களாவுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர்.

அப்படியானால் என்ன ஆகும்? எல்லா எண்ணும் தப்பாகிவிடும். ஒவ்வொரு கல்லும் ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னுக்கு வர வேண்டும்.

புதுக் கல்லுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், வரவில்லை. இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியுமா?

“சார், புதுசு எதுக்கு? இருக்கற கல்லையே பிடுங்கிக் கொண்டுபோய்ப் புது இடத்துல நட்டுடலாம். எண் கூட மாத்த வேணாம்” என்றேன்.

“பரவாயில்லையே ஏழுமலை, மூளை இருக்குதே உனக்கு” என்றார். அந்தப் பாராட்டை ஒரு மாசம் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன். வீட்டில் அம்மாவிடம்கூட அளந்தேன். எந்த ரோடு, எந்தக் கல் என்று அவள் கேட்கவில்லை. மகனுக்கு நல்ல பேர் கிடைத்தது, அது போதும் அவளுக்கு.

டிராக்டர் ஓட்டியவர் பாஷா. சிவாஜிநகர்க்காரர், தக்கனி உருதுவும் தமிழும் கலந்து பேசுவார். “அரே இன்ஸ்பெக்டர் சாப், மனுஷனுக்குத்தான் டிரான்ஸ்பர்னு நெனச்சேன். கல்லுக்கும் உண்டா?” என்று சிரித்தார்.

மூன்று நாள் பிடுங்கினோம், நட்டோம். மூலை உடைந்த ஒரு கல் வந்தது. “இது லூஸ் பீஸ் சாப், ஃபேக் தியே?” என்று கேட்டார். தூக்கிப் போட்டுவிடலாமா என்று.

“எதுக்கு? நம்பர் தெரியுதில்ல? ஏத்துங்க” என்றேன்.

கடப்பாரையால் நெம்பியது என் கை. என் தங்கையின் தலைமாட்டிலிருந்து அதை நெம்பி எடுத்து டிரெய்லரில் போட்டுக்கொண்டு, ஒரு பழைய இந்திப் பாட்டை முணுமுணுத்தபடி போனேன். 

எனக்குத் தெரியாதே. தங்கை ஒருத்தி செத்தாள் என்று தெரியும். எங்கே என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் ஜனங்கள் அதையெல்லாம் பேச மாட்டார்கள். மறுநாள் காலையே தார் வாளியைத் தூக்கியாக வேண்டியவர்களுக்குப் பேச எங்கே நேரம்?

பஸ்ஸில் ஒரு கும்பிடு

தங்கை செத்த அந்த ரோட்டு வேலை முடிந்தபின் அப்பாவின் கேங் வேறு வேறு ரோடுகளுக்குப் போய்விட்டது. நாங்கள் அந்தப் பக்கம் திரும்ப வருவதற்குப் பல வருஷங்கள் ஆயின. என் சித்தியை அந்த ரோட்டின் கடைசி ஊரில் கட்டிக் கொடுத்த பிறகுதான், வருஷா வருஷம் ஊர் ஹப்பாவுக்கு, அதாவது திருவிழாவுக்கு, போக ஆரம்பித்தோம். அதற்குள் நான் கல்லை மாற்றி நட்டாயிற்று.

பஸ் அந்தக் கல்லைத் தாண்டும்போது அம்மா சீட்டிலிருந்து எழுந்து கும்பிடுவாள். ஜன்னல் வழியாக ஒரு முழம் பூ வீசுவாள். பக்கத்தில் ஒரு சூலம் நட்ட முனீஸ்வரன் மேடை இருந்தது. சாமிக்குத்தான் என்று நினைத்தேன்.

“முனீஸ்வரனுக்கு ஓடற பஸ்ஸுலயே பூஜையா?” என்று கேலி செய்வேன்.

“சும்னே இருடா” என்பாள். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

இந்தப் பொங்கலன்று சித்தி போன் செய்தாள். ரோட்டை நாலு வழியாக்குகிறார்களாம், இரண்டு பக்கமும் ஜேசிபி தோண்டிக்கொண்டே வருகிறதாம். அம்மா போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“என்னை அங்க இட்டுனு போ. அவங்க தோண்டறதுக்கு முந்தி ஒரு புடி மண்ணு எடுத்தாரணும்.”

“எங்கம்மா? என்ன மண்ணு?”

“உன் தங்கச்சி மண்ணு. ஒம்போதாம் கல்லாண்ட. மூல ஒடஞ்ச கல்லுடா, பஸ்ஸுல போறப்ப கும்புடுவனே.”

எனக்குக் காது அடைத்தது. டிராக்டரின் சத்தம் கேட்டது, நிஜமாகவே கேட்டது.

“அந்த எடம் அப்படியேவா இருந்துச்சு, நீ திரும்பப் போனப்ப?” என்று இழுத்தேன்.

“எடம் எப்படிடா அப்படியே இருக்கும்? மரம் இல்ல, மட்ட இல்ல, எல்லாந்தான் மாறிப்போச்சி. கல்லு மாறலியே” என்றாள்.

 அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காட்சி அதுதான்.

சோறு இறங்கவில்லை

தோண்டிய மண்ணை அம்மா பித்தளைச் சொம்பில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு அவளே பாயசம் வைத்தாள். சர்க்கரை வியாதிக்காரி, தானும் ஒரு டம்ளர் குடித்தாள். தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

என் டம்ளரை நான் தொடவில்லை.

என் மனைவி சரசு மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள், “என்ன ஆச்சு உங்களுக்கு? பிரஷரா?” என்று பிடித்துக்கொண்டாள். சொன்னேன்.  “சொல்லாதீங்க. அத்தை இப்பத்தான் நிம்மதியா இருக்காங்க. மண்ணுல என்ன இருக்கு, மனசுலதானே இருக்கு?” என்றாள்.

நியாயம்தான். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் உத்தியோகத்தில் இருந்தவரை நான் அளவுப் புத்தகத்தில் ஒரு அடி கூட்டியோ குறைத்தோ எழுதினவன் இல்லை. கான்டிராக்டர்கள் என்னைக் கிறுக்கன் என்று கூப்பிட்டதற்கே அதுதான் காரணம். ஊருக்கெல்லாம் சரியாக அளந்தவன், பெற்றவளுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தப்பாகக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பதா? என்னால் முடியவில்லை. கோழைத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது.

அன்று சாயந்திரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். கூட்டு, பங்களா, ஒன்றரைக் கிலோமீட்டர், டிராக்டர், எல்லாவற்றையும். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் இரண்டு தண்டு ஆய்ந்தாள்.

பிறகு முறத்தோடு கீரையை என் மேல் எறிந்தாள்.

“எம் புள்ளய வுட்டுட்டு கல்ல மட்டும் தூக்கினு போனியாடா பாவி? இத்தினி வருஷம் நான் எவன் எடத்துக்குடா பூவு போட்டேன்?”

“தெரியாம நடந்துபோச்சும்மா.”

“தெரியாம தூக்கின, சரி. அன்னிக்கி நான் கரண்டிய வச்சினு தோண்டறப்ப தெரியும் இல்ல? வாளிய புடிச்சினு நின்னியே, வாயில என்ன வச்சிருந்த?”

நான் தரையில் சிதறிய கீரையைப் பொறுக்கினேன். 

இரண்டு நாள் தட்டை ‘டங்’கென்று வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தால், புடவை மாற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“கெளம்பு. எங்கேருந்து தூக்கினியோ அங்க இட்டுனு போ.”

டயருக்கு அடியில் ராகி

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒன்பதாம் கல் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராகி அறுப்பு முடிந்த சமயம். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராகித் தாளை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும், கூலி மிச்சம். எங்கள் பஸ்ஸும் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் தாள் நொறுங்கும் சத்தம் ‘சரசர’வென்று காலுக்குக் கீழே கேட்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏழுமல.”

“சொல்லும்மா.”

“அது மேல இப்படித்தான் லாரி ஏறிப் போயிருக்குமாடா? அகலம் பண்ணியிருப்பாங்களே. ஓரத்துல இருந்தது ரோட்டுக்கு அடியில போயிருக்கும் இல்ல? நான் அங்க பூவு வீசறேன், இங்க அவ மேல லாரி ஏறுது.”

ஒரு இன்ஸ்பெக்டராக எனக்கு அதற்கு என்ன பதில் வரும் என்று தெரியும். ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்தப் பகுதியில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கல் மாற்றி நட்ட கையோடு எனக்குத் தும்கூர் பக்கம் மாற்றலாகிவிட்டது. பிறகு பஸ்ஸில் போன போதெல்லாம் பேப்பர் படித்துக்கொண்டு போனவன் நான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

மாந்தோப்பு ஸ்டாப்பில் இறங்கினோம். இறங்கியதும் எனக்குத் திக்கென்றது. வளைவைக் காணோம். ரோடு அம்பு விட்ட மாதிரி நேராகப் போகிறது. தோப்புக்காரரின் வாரிசுகள் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தோப்பைப் பிளந்துகொண்டு புது ரோடு போட்டிருந்தார்கள். நாலு வழிக்கான கொடிக் கம்புகளும் அதை ஒட்டியே நட்டிருந்தன.

அப்படியானால் பழைய வளைவு? இடது பக்கம் பார்த்தேன். இரண்டு சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவில், ஒரு பழைய தார்ப் பாதை விலகிப் போனது. அதன் முகப்பில் குறுக்கே ஒரு பாறாங்கல்லை உருட்டிப் போட்டு வண்டி போகாதபடி அடைத்திருந்தார்கள்.

அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். ஒரு மோரி வந்தது, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டிய சின்னப் பாலம். கைப்பிடிக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். எட்டிக் குழாய்க்குள் பார்த்தாள்.

“இதுலதான்டா தண்ணி மொண்டோம். உங்கப்பா இங்க நின்னு இருவது அடி வச்சார். கல்லுக்கு இருவது அடி.”

ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டு நடந்தாள். பதினாறாவது அடியில் ஒரு குரல் தடுத்தது.

“அம்மா, அம்மா! சப்பலி பிட்டு பன்னி. இது கண.”

செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், இது களம் என்று அர்த்தம். முறத்தோடு ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள், ஐம்பது ஐம்பத்தைந்து வயசிருக்கும். கௌரம்மா என்று பிறகு தெரிந்துகொண்டோம். அவளுக்குப் பின்னால், பழைய தார் ரோடும் அதன் ஓரமும் சேர்த்து வழவழவென்று சாணி மெழுகியிருந்தது. நடுவில் ராகி அம்பாரமாகக் குவிந்திருந்தது. குவியல் தலையில் சாணிப் பிள்ளையாரும் நாலு அறுகம்புல்லும்.

அம்மா நின்றுவிட்டாள். அந்த அம்மாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்க வண்டி வராதா?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

“வண்டியா? ரோடு அந்தப் பக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சே. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து இது களம்தான்” என்றாள் கௌரம்மா.

“டிராக்டர்? ராகி மேல ஏத்த மாட்டீங்களா?”

கௌரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “சோத்து மேல யாராவது டயர் ஏத்துவாங்களா? ரோட்டுல போடறவங்க போடட்டும், அது அவங்க பாவம். நாங்க கழியால அடிப்போம். அறுப்பு இல்லாத மாசத்துலகூட எந்தப் பசங்களும் இங்க செருப்புக் காலோட வர மாட்டாங்க. வந்தா காலை ஒடிச்சிடுவேன்.”

அம்மா மெதுவாகக் குனிந்து செருப்பைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பாமலே, “நீயும் கழட்டுடா” என்றாள்.

மிச்சம் நாலு அடியை எண்ணாமல் நடந்தாள். ஓரமாகப் போய், மெழுகின தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தாள். கௌரம்மா என்னைப் பார்த்தாள். நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் பயப்படவும் இல்லை, ஐயோ என்று கத்தவும் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“எத்தனை நாள் குழந்தை?”

“நாப்பது நாளு.”

அதன் பிறகுதான் அம்மா அழுதாள். என் தங்கை செத்த அன்றைக்கு அவள் இப்படி அழுதிருக்க வழியில்லை, மறுநாள் வேலை இருந்தது. இப்போது வாய்விட்டு, மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து, மூச்சுத் திணறும் வரை அழுதாள். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

வெயில் ஏறியது. ஜேசிபியின் சத்தம் தோப்புக்கு அந்தப் பக்கம் தூரத்தில் கேட்டது. நான் அவள் தோளைத் தொட்டு, “மண்ணு எடுத்துக்கலாமாம்மா?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து, நான் ஏதோ தகாத வார்த்தை சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள்.

“எதுக்குடா தோண்டற? ஒரு லாரி ஏறல, ஒருத்தர் செருப்புக் கால் வைக்கல. நம்ம வீட்டுல கூட அவள நாம இப்படி வச்சிருக்க மாட்டோம்.”